ஒரு மணிக்குப் பறந்த தோட்டாக்கூடு

ஒரு கடிகாரத்தைத் தரையில் படுக்கவைத்து, துப்பாக்கியின் வாய் 12-ஐப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுட்ட பிறகு வெளியே வரும் காலிக்கூடு எந்த மணிப்பக்கம் பறக்கிறது என்று பார்ப்பது, ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 ரகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பழக்கம். மூன்றுக்கும் நான்கரைக்கும் நடுவே விழுந்தால் நல்லது என்பார்கள். என் துப்பாக்கி முதல் நாளே ஒரு மணிக்குத் துப்பியது. சுடும் கோட்டைத் தாண்டி முன்னால் போய் சரளைக்கல்லில் விழுந்த கூடுகளை, எல்லோரும் சுடுவதை நிறுத்தும் இடைவேளையில்தான் பொறுக்க முடிந்தது. பொறுக்கிக் கையில் வைத்துப் பார்த்தால், அடிவிளிம்பை யாரோ பல்லால் கடித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஹூஸ்டனில் இருக்கிறேன். சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே துப்பாக்கி என்றால் காட்டுப்பன்றிக்காக உரிமம் வாங்கி, வருடத்தில் முக்கால்வாசி நாள் பரண் மேல் கிடக்கும் இரட்டைக்குழல்தான். இங்கே வந்த பிறகும் பல வருடம் ஆசை மட்டும்தான் இருந்தது. எச்1பி விசாவில் இருப்பவர் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இது தெரியாமல் நண்பர்களோடு கடைக்குப் போகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர், அதனால்தான் சொல்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு, துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பி, விசை இருக்கும் அடிப்பாகத்தை வாங்கினேன். குழலும் மேல்பாகமும் இணையத்தில் தள்ளுபடியில் கிடைத்தன. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் அவர்கள் செய்த தவறு ஒரு பங்கு, நான் செய்தது மூன்று பங்கு.

குழல் 16 அங்குலம். அதற்குக் குறைந்தால் 1934-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும், ஆகவே கடைகளில் பெரும்பாலும் 16தான். கேஸ் அமைப்பு கார்பைன் நீளம். அதாவது, குழலில் கேஸ், அதாவது வாயு, வெளியேறும் துளை, தோட்டா உட்காரும் சேம்பர் பக்கத்திலிருந்து ஏழெட்டு அங்குலத்திலேயே இருக்கிறது. இந்தத் துளைதான் கதாநாயகன், வில்லனும் அதுவே.

இது வேலை செய்யும் விதம் தெரியாமல்தான் நான் காசைக் கொட்டினேன். யூஜின் ஸ்டோனர் 1950-களில் ஆர்மலைட்டில் வடிவமைத்த அமைப்பு இது. குண்டு குழலுக்குள் ஓடும்போது அதன் பின்னால் எரிந்த மருந்தின் வாயு கொதித்துக்கொண்டு வருகிறது. குண்டு அந்தத் துளையைத் தாண்டிய நொடியில் கொஞ்சம் வாயு துளை வழியே மேலேறி, ஒரு மெல்லிய குழாயில் பின்னோக்கி ஓடி, போல்ட் கேரியரின் தலையில் இருக்கும் கேஸ் கீ என்ற சிறு குழாய் வழியாக உள்ளே இறங்குகிறது. போல்ட் என்பது சேம்பரை அடைத்துப் பூட்டும் துண்டு, அதைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடுவது கேரியர். கேரியருக்குள் போல்ட்தான் பிஸ்டன், கேரியர்தான் சிலிண்டர். வாயு விரிந்து கேரியரைப் பின்னால் தள்ள, போல்ட் திரும்பிப் பூட்டு விடுபட, கூடு இழுபட்டு வெளியே எறியப்படுகிறது. கேரியர் பின்னால் போய் பஃபரையும் ஸ்பிரிங்கையும் அழுத்துகிறது. ஸ்பிரிங் திருப்பித் தள்ளும்போது அடுத்த தோட்டா சேம்பருக்குள் போகிறது.

குண்டு குழல் வாயை விட்டு வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடும். ஆகவே துளையிலிருந்து வாய் வரை எத்தனை அங்குலம் மிச்சமோ அவ்வளவு நேரம்தான் வாயு வேலை செய்யும். ராணுவத்தின் எம்4-இல் குழல் 14.5 அங்குலம், துளைக்கு அப்பால் ஏழுக்கும் குறைவு. என்னுடையதில் எட்டுக்கு மேல். நேரம் கூடுதல் என்றால் துளை சிறியதாக இருக்கலாம். எம்4-க்கே 0.063 அங்குலத்தை ஒட்டிய துளைதான். விற்பவர்கள் பலர் என்ன செய்கிறார்கள் என்றால், எந்த மட்டமான தோட்டாவைப் போட்டாலும், எண்ணெயே காட்டாமல் வைத்திருந்தாலும் ஓடட்டும் என்று பெரிதாகவே துளைத்துவிடுகிறார்கள். ஓடாத துப்பாக்கி திரும்பி வரும், உதைக்கிற துப்பாக்கி திரும்பி வராது. அவர்கள் பக்கக் கணக்கு அது.

இதெல்லாம் இப்போது தெரிந்ததை வைத்துச் சொல்வது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, 'கூடு முன்னால் பறந்தால் கேஸ் அதிகம், கனமான பஃபர் போடு' என்ற ஒரு வரிதான்.

பஃபர் என்பது பின்புறக் குழாய்க்குள் ஸ்பிரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கட்டைவிரல் கனத்துக் குப்பி. உள்ளே மூன்று எடைத்துண்டுகள், நடுவே ரப்பர் வில்லைகள். குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்கும். பழுதென்று நினைத்துவிடாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். கேரியர் முன்னால் போய் மோதி எகிறப் பார்க்கும்போது அந்தத் துண்டுகள் ஒரு கணம் பிந்தி வந்து மோதி அதை அடக்குகின்றன. சாதாரண கார்பைன் பஃபரில் மூன்றும் இரும்பு, எடை 3 அவுன்ஸ், நம் கணக்கில் 85 கிராம். ஒரு துண்டை டங்ஸ்டனாக மாற்றினால் எச், சுமார் 3.8 அவுன்ஸ். இரண்டை மாற்றினால் எச்2, 4.6-ஐ ஒட்டி. மூன்றும் டங்ஸ்டன் என்றால் எச்3, ஐந்தரை அவுன்ஸ் பக்கம்.

எச்2 வாங்கினேன். கூடு இரண்டு மணிக்கு வந்தது. எச்3 வாங்கினேன், கூடவே 'கூடுதல் பலம்' என்று எழுதியிருந்த ஸ்பிரிங் ஒன்றும். மூன்று மணி! உதையும் குறைந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அரை மணி நேரம் விளக்கினேன். "அப்ப இனிமே எதுவும் வாங்க வேண்டாமில்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஜனவரியில் ஒருநாள் வடக்குக் காற்று இறங்கி ஹூஸ்டனே நடுங்கிய காலை. அன்றைக்குப் பார்த்து, 2021-இல் ரஷ்யத் தோட்டாவுக்கான புதிய இறக்குமதி அனுமதியை அமெரிக்கா நிறுத்தியதற்கு முன்னால் வாங்கி வைத்திருந்த இரும்புக்கூடு கொண்ட .223 அளவுத் தோட்டாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். மலிவு, மருந்தும் கொஞ்சம் மந்தம். முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தால் 'டிக்'. திறந்தால் சேம்பர் காலி. கேரியர் முழுத்தூரம் பின்னால் போகாமல், அடுத்த தோட்டாவை எடுக்காமலே திரும்பி வந்து மூடியிருக்கிறது. இன்னொரு முறை காலிக்கூடு வெளியேறாமல் வாசலில் குத்திட்டு நின்றது. பத்துத் தோட்டாவில் நான்கு கோளாறு. விரல் விறைத்து, மூக்கு ஒழுகி, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிச் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த மாதமே பேர்லாண்ட் மீனாட்சி கோயில் கேன்டீனில் மதுரைக்கார அண்ணன் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். எண்ணெய்க்கிணறு வால்வுகளில் இருபது வருடம் வேலை பார்த்தவர். துப்பாக்கி அவருக்கு எனக்கு முன்பே பழக்கம். தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார், "கூடு வச்சிருக்கியா தம்பி?"

"துப்பாக்கி வீட்டுல இருக்குங்ண்ணா."

"துப்பாக்கிய யாரு கேட்டா? சுட்ட கூடு. காலிக்கூடு."

காரின் கதவுப் பையில் நாலைந்து கிடந்தன, பழைய பித்தளையும் புதிய இரும்பும். எடுத்து வந்து கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குச் சட்டென்று அப்பா நினைவு வந்தது. டிவிஎஸ் 50 கார்புரேட்டரில் கை வைப்பதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். கருப்பென்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பென்றால் காற்று அதிகம், காப்பிப்பொடி நிறமென்றால் கையே வைக்கக் கூடாது.

அண்ணன் காட்டியது இது. முதல் நாள் பித்தளைக்கூட்டின் அடியில், எழுத்து பொறித்த முகத்தில், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் படும் இடத்தில் ஒரு பளபளப்பான தேய்ப்பு. விளிம்பில், கூட்டை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. கூடு சேம்பர் சுவரோடு அழுத்தத்தில் ஒட்டியிருக்கும்போதே அவசரமாகப் பிடுங்கப்பட்டதன் தழும்பு. "இது கேஸு அதிகம். சந்தேகமே இல்ல." இரும்புக்கூட்டில் அந்தத் தழும்பே இல்லை. "இதுக்குப் பத்தல. ஒரே துப்பாக்கிதான? அப்ப நடுவுல நீ என்னத்தையோ செஞ்சிருக்க."

செய்ததைச் சொன்னேன். சிரித்தார். "மடை அகலமா இருக்குன்னா மடையச் சின்னதாக்கணும். நீ வரப்ப ஒசத்திக்கிட்டு இருந்திருக்க."

கூட்டின் அடியில் நடுவே இருக்கும் பற்றவைப்புக் குப்பியான பிரைமர் தட்டையாகியிருக்கிறதா என்று நானும் அறிவாளியாக ஒரு கேள்வி கேட்டேன். அது சேம்பர் அழுத்தத்தைக் காட்டும் குறி, தோட்டா தயாரிப்பைப் பொறுத்தது, கேஸ் துளையைத் திருகி அதை மாற்ற முடியாது என்றார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு கராஜில் உட்கார்ந்தோம். தோட்டா அடுக்கும் மேகசின் வெளியே, சேம்பரில் கண்ணாலும் விரலாலும் சோதனை, தோட்டாப் பெட்டி எதுவும் அந்த அறையிலேயே இல்லை. அதன் பிறகுதான் கழற்றினார்.

துளையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒழுகல் பார்த்தார். வால்வுக்காரர் அல்லவா. போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, கேரியரைத் தலைகீழாக, போல்ட் முகம் மேசையில் படும்படி நிறுத்தினார். தன் எடையிலேயே கேரியர் கீழே இறங்கிவிட்டால் போல்ட்டின் மூன்று கேஸ் வளையங்களும் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம். இறங்கவில்லை, நல்லது. பிறகு கேரியர் தலையில் இருக்கும் கேஸ் கீயைச் சுற்றி டார்ச் அடித்தார். கீ கேரியரோடு சேரும் விளிம்பில் மீசை வரைந்த மாதிரி ஒரு கரிக்கோடு. இரண்டு திருகில் ஒன்று கையாலேயே அசைந்தது. திருகு கழன்றுவிடாமல் பக்கத்து உலோகத்தை அதன் தலைமேல் அடித்து நெரித்து வைக்க வேண்டும். எனதில் அதைப் பேருக்குத் தட்டியிருந்தார்கள்.

மர்மம் விலகியது. துளை பெரிது என்பதால் முதலில் வாயு ஏராளம். கீ மெல்ல மெல்லக் கழன்று ஒழுக ஆரம்பித்தபோது அந்த ஏராளத்தில் ஒழுகல் தெரியவில்லை. கூடு மூன்று மணிக்கு வந்ததற்கு என் பஃபர் பாதிக் காரணம், ஒழுகல் மீதிக் காரணம். அதன் மேல் குளிர், கட்டியான கிரீஸ், மந்தமான மருந்து எல்லாம் சேர்ந்ததும் கனமான பஃபரைத் தள்ள வாயுவுக்குத் தெம்பில்லை. எனக்குப் பிடித்த அந்த மூன்று மணி, இரண்டு தவறுகள் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டதால் கிடைத்தது. ஆகவே கூடு விழும் திசையை மட்டும் நம்புவதை அன்றோடு விட்டேன். எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங் புதிதா பழையதா, கூடு வெளியேறும் வாசலை ஒட்டித் துப்பாக்கியில் இருக்கும் மேட்டில் எங்கே மோதித் தெறிக்கிறது என்பதெல்லாம் அந்த மணியை மாற்றும். ஒரே அளவு வாயுவில் இரண்டு துப்பாக்கி இரண்டு திசையில் துப்பும்.

கீயைத் துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் புதுத்திருகு போட்டு ஒழுங்காக நெரித்து வாங்கினேன். அதன் பின் எச்3 இருந்தும் கூடு மறுபடி ஒன்றரை மணிக்கே போனது. அப்படியானால் மடையை அளக்க வேண்டியதுதான்.

துளையின் மேல் உட்கார்ந்து வாயுவை மெல்லிய குழாய்க்குத் திருப்பிவிடும் கேஸ் பிளாக்கைக் கழற்றினோம். அளக்க அண்ணன் எடுத்தது எண் போட்ட டிரில் பிட் பெட்டி. எண் குறையக் குறையத் தண்டு தடிமனாகும். வெட்டும் முனையைத் துளைக்குள் விடவே கூடாது, சுரண்டிவிடும். மழமழப்பான தண்டுப்பக்கத்தை மட்டும் மெல்ல விட்டுப் பார்க்க வேண்டும். 52-ஆம் எண் கிணற்றில் விட்ட கயிறு மாதிரி ஆடியது. 50, 48 என்று வந்தோம். 46 சிக்கெனப் போனது, 45 போகவில்லை. 46 என்றால் 0.081 அங்குலம். கணக்குப் போட்டார். 0.063-க்கும் 0.081-க்கும் பார்க்கப் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் துளையின் பரப்பு அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. தண்டுகள் எழுதியிருக்கும் அளவைவிட ஒரு நூல் குறைவாக இருக்கலாம் என்பதால் இது துல்லிய அளவு அல்ல, பின் கேஜ் என்ற அளவு ஊசிகள் இருந்தால் உத்தமம். எங்களுக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

பெரிய துளையைச் சிறிதாக்க வழி, திருகு வைத்த கேஸ் பிளாக். திருகை உள்ளே விட்டால் வாயுப் பாதை குறுகும். வாயுவைத் தடுக்காமல் மிச்சத்தை வெளியே விடும் வகையும் உண்டு. நான் தடுக்கும் வகை வாங்கினேன். சிறிய துளையைப் பெரிதாக்குவது வேறு கதை. ஒருமுறை துளைத்தால் திரும்ப வராது. வீட்டு டிரில்லை வைத்துக்கொண்டு அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இனி என் மூன்றாவது தவறு. பிளாக்கை நானே மாட்டினேன், அண்ணனைக் கூப்பிடாமல். குழலின் கனம் மாறும் இடத்தில் தோள் என்ற ஒரு படி இருக்கும், அதோடு பிளாக்கை இறுக்கி ஒட்டி வைத்துத் திருகை முடுக்கினேன். ஒட்டி வைப்பதுதானே முறை? சுட்டால், திருகை முழுசாகத் திறந்தும் கேரியர் பாதிதான் போகிறது. திரும்பக் கழற்றிக் கொண்டுபோனேன்.

"தோளோட ஒட்டிட்டியா?"

"ஆமாங்ண்ணா. அதுதானுங்களே முறை?"

அவர் பர்ஸிலிருந்து கிரெடிட் கார்டை எடுத்தார். பணம் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பழைய பாணித் துப்பாக்கிகளில் அந்தத் தோளுக்கும் பிளாக்குக்கும் நடுவே கைப்பிடி உறையைத் தாங்கும் மெல்லிய தகடு ஒன்று உட்காரும். என்னுடையதைப் போன்ற குழல்களில் துளையின் இடம் அந்தத் தகட்டையும் கணக்கில் வைத்துத்தான். தகடு இல்லாத பிளாக் போடும்போது அந்த இடைவெளியை நாமே விட வேண்டும். அது சுமார் 0.030 அங்குலம். கிரெடிட் கார்டின் கனமும் அதேதான், 0.76 மில்லிமீட்டர். கார்டைத் தோளில் வைத்து, பிளாக்கை அதோடு ஒட்டி, நேராக்கி, திருகை லேசாக முடுக்கி, கார்டை உருவிவிட்டு முழுதாக முடுக்கினார். கழற்றியபோது குழலில் பார்த்த கரித்தடத்தையும் காட்டினார். துளையைச் சுற்றி முழுவட்டமாக இருக்க வேண்டியது, பிறை நிலா மாதிரி ஒரு பக்கம் வெட்டுண்டிருந்தது. எல்லாக் குழலிலும் இந்த இடைவெளி தேவைப்படாது. துளையிலிருந்து தோளுக்கும், பிளாக்கில் அதன் துளையிலிருந்து விளிம்புக்கும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

திருகு கழலாமலிருக்கச் சாதாரண நீலப் பசை போட்டிருந்தேன். 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது இளகிவிடும், கேஸ் பிளாக் அதைச் சுலபமாகத் தாண்டும். ராக்செட் என்று சூடு தாங்கும் ஒன்று உண்டு, அதைப் போட்டோம். பின்னால் கழற்ற வேண்டுமானால் தண்ணீரில் ஊறவைத்தால் விட்டுவிடும்.

டியூனிங் செய்ய அண்ணனின் அலுவலக நண்பருடைய நிலத்துக்குப் போனோம். வலப்பக்கம் ஒரு நீலத் தார்ப்பாயை விரித்தார், மொட்டைமாடியில் வடகம் காயப்போடுகிற மாதிரி. நாலு மூலையிலும் கல்.

எச்3-யும் முரட்டு ஸ்பிரிங்கும் பெட்டிக்குப் போயின. சாதாரண ஸ்பிரிங்கை அளந்தோம். கார்பைன் ஸ்பிரிங் தளர்வாகக் கிடக்கும்போது 10 அங்குலத்துக்குச் சற்று மேலிருந்து 11.25 வரை இருக்கலாம், என்னுடையது நடுவில் இருந்தது. பஃபர் எச், 3.8 அவுன்ஸ். ஏன் அது என்றேன். "கடைசியா எந்த பஃபர் போடப் போறியோ அதப் போட்டுட்டு கேஸத் திருகு. பெறகு பஃபர மாத்துனா மறுபடி மொதல்ல இருந்து." கனமான பஃபர் தப்பே இல்லை. பூட்டு திறப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், முன்னால் மூடும்போது நல்ல அழுத்தம் கொடுக்கும். ஆனால் மிகக் கனமானால் மூடும் வேகத்தில் துப்பாக்கியின் மூக்கே கீழே தாழும். எச்3-யோடு குறி அடிக்கடி கீழே போனதற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

முறை இது. கேரியருக்குத் தாராளமாக எண்ணெய். காய்ந்த துப்பாக்கி வாயு பற்றாத துப்பாக்கி போலவே நடிக்கும். திருகை முழுசாக மூடிவிட்டு, மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் கேரியர் முழுத்தூரம் பின்னால் போனால், காலி மேகசின் போல்ட்டைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்த வேண்டும். நிற்கவில்லை என்றால் திருகை ஒரு படி, அதாவது ஒரு கிளிக், திறந்து மறுபடி ஒன்று. ஒரே தோட்டா என்பது கஞ்சத்தனம் இல்லை. பாதி வேலை செய்யும் துப்பாக்கியில் நிறையத் தோட்டா இருந்தால் எது சேம்பரில், எது வழியில் என்று தெரியாமல் கை வைக்க வேண்டி வரும்.

5-ஆவது கிளிக்கில் கூடு வெளியே வந்து என் ஷூ மேலேயே விழுந்தது. 7-இல் எம்193 என்ற ராணுவ வகைத் தோட்டாவுக்குப் போல்ட் திறந்து நின்றது, இரும்புக்கூட்டுக்கு நிற்கவில்லை. 9-இல் இரும்புக்கூட்டுக்கும் ஐந்துக்கு ஐந்து நின்றது. நான் திருகுசாவியைப் பையில் போட்டேன். அண்ணன் விடவில்லை. வேறு மேகசின் போடு என்றார், போட்டேன். தோளில் அழுத்தாமல் தளர்வாகப் பிடித்துச் சுடு என்றார், ஐந்தில் ஒன்று நிற்கவில்லை. 11-க்குத் திறந்தோம். இரண்டு கிளிக் உபரி. கரி படியும், குளிர் வரும், தோட்டா மாறும், அதற்கான கைக்காசு அது. உதை ரொம்ப மென்மையாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு விளிம்பிலேயே நிறுத்துகிறவர்கள் போட்டிக்காரர்கள். எப்போதும் ஒரே வகைத் தோட்டாவைச் சுடுகிற அவர்களுக்கு அது சரி.

ஒரு குழப்பமான விஷயம். வாயு மிக அதிகமானாலும் போல்ட் கடைசியில் நிற்காமல் போகலாம். மேகசினின் ஸ்பிரிங் நிறுத்தும் நெம்புகோலைத் தூக்குவதற்குள் போல்ட் தாண்டி ஓடிவிடும். நிற்கவில்லை என்றதும் 'வாயு பற்றவில்லை' என்று திறந்துகொண்டே போனால் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள். அங்கேதான் கூட்டின் அடியைப் பார்க்க வேண்டும். விளிம்பு கடிபட்டிருக்கிறதா, தேய்ப்பு இருக்கிறதா?

தார்ப்பாயில் கூடுகள் மூன்றரை மணிப்பக்கம், ஒரு பாயளவு இடத்தில் குவியலாகக் கிடந்தன. எந்த மணி என்பதைவிட ஒரே இடத்தில் விழுகின்றன என்பதுதான் அண்ணனுக்குத் திருப்தி. விளிம்புகள் சுத்தம். உதை, சொல்லப்போனால், எச்3 போட்டு நான் பெருமைப்பட்ட நாளைவிட மென்மை. இதில் ஒரு கொடுமை, ஒழுங்காக டியூன் ஆன துப்பாக்கி ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் மேல்தான் கூட்டை எறிகிறது. போன மாதம் ஒருவர் காபிக்குள் விழுந்தது. இப்போது ஒரு வலைப்பை மாட்டிக்கொள்கிறேன்.

சைலன்சர் மாட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அது வாயுவைக் குழலுக்குள் கூடுதல் நேரம் பிடித்துவைப்பதால், அதைப் போட்டதும் துளை பெரிதான மாதிரியே எல்லாம் நடக்கும், புகை வேறு கண்ணுக்கே வரும். மாட்டி ஒரு அளவு, கழற்றி ஒரு அளவு என்று இரண்டையும் குறித்து வைக்க வேண்டும். என்னிடம் இல்லை. அண்ணனிடம் இருக்கிறது, அவர் நோட்டில் இரண்டு பத்தி இருக்கிறது.

நோட்டு என்றதும் சொல்ல வேண்டும். இரண்டு பஃபர், ஒரு ஸ்பிரிங், ஒரு பிளாக் என்று செலவு செய்த காலத்தில் என்னிடம் ஒரு வரி எழுத்து கிடையாது. எதை மாற்றியபோது என்ன ஆனது என்று நினைவிலிருந்துதான் சொன்னேன், பாதி தப்பு. இப்போது ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். தேதி, குளிர், தோட்டா, பஃபர், கிளிக், கூடு விழுந்த இடம் என்று எழுதுகிறேன். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கம்தான் அது. மனைவிக்கு எந்தப் பக்கத்தில் செலவு அதிகம் என்று சுலபமாகத் தெரிகிறது.

பிளாக்கின் திருகு கரியில் இறுகிப்போகும். ஆறு மாதம் தொடாமல் விட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டேன். எண்ணெய் ஊற்றி ஓரிரவு வைத்த பிறகுதான் அசைந்தது. அதனால் ஒவ்வொரு முறை சுத்தம் செய்யும்போதும் திருகைக் கடைசி வரை மூடி, திரும்ப எண்ணிக்கொண்டே திறக்கிறேன். போன வாரம் மூடும்போது எண்ணினேன், 10 கிளிக்கில் முட்டி நின்றது. பதினொன்றாவது கிளிக்கைக் கரி தின்றதா, அது தானாக நகர்ந்ததா, நான்தான் தப்பாக எண்ணினேனா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.